வலப்பக்கக் குதிரை ஒரு நெல் உயரம்

திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையிலிருந்து எடுத்து மேசைமேல் பரப்பியவை: இரண்டு சட்டை, ஒரு லுங்கி, கட்டம் போட்ட தாள் ஒரு கட்டு, ஒரு வெர்னியர் அளவுகோல், ஒரு பழைய துப்பாக்கியின் எட்டுப் புகைப்படங்கள். மற்றதைப் பையில் திணித்துவிட்டுப் புகைப்படங்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்.

"என்ன வேலையா வந்தீங்க?"

"படம் வரையறதுக்கு சார். இதே மாதிரி இன்னொண்ணு ஸ்ரீரங்கத்துல ஒரு வீட்டுல இருக்கு. அதோட பூட்டை அளந்து வரைஞ்சிட்டுப் போகணும்."

"துப்பாக்கிய வாங்கிட்டுப் போக வரலியே?"

"இல்ல சார். படம் மட்டும்."

"வெறும் படத்துக்கு மலேசியாலேர்ந்து டிக்கெட் போட்டு அனுப்புறாங்களா? உங்க முதலாளிக்கு வேற வேலை இல்லியா?" என்றார். பக்கத்தில் நின்ற அதிகாரி சிரித்தார். விட்டுவிட்டார்கள்.

ஈப்போவில் என் முதலாளி லியோங் தவுக்கேக்கு உண்மையிலேயே வேறு வேலை இல்லை. ஈயச் சுரங்கக் காலத்தில் சம்பாதித்த குடும்பம். பழைய பூட்டு, கடிகாரம், துப்பாக்கி என்று வீட்டின் கீழ்த்தளம் முழுக்க அடுக்கி வைத்திருக்கிறார். துப்பாக்கிகள் எல்லாம் சுட முடியாமல் செய்து முத்திரை குத்தப்பட்டவை. நான் அங்கே கார் ஓட்டுவேன், தூசி தட்டுவேன், வரைவேன். படிப்பு எட்டாவதோடு நின்றது. பிறகு பங்கோரில் மீன்படகு, ஹாட்யாயில் தட்டுக் கழுவல், சிங்கப்பூரில் கப்பலின் துரு சுரண்டல். அங்கே கப்பல் வரைபடங்களைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியே வரையப் பழகினேன்.

தவுக்கேயின் துப்பாக்கி இரட்டைக் குழல். வாய்வழியாக மருந்தையும் குண்டையும் இடித்து நிரப்பிய காலம் முடிந்து, பின்பக்கம் திறந்து தோட்டா போடும் காலம் தொடங்கியபோது செய்தது. பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய யோசனை எளிது. குழலையும் கட்டையையும் தனித்தனியாகச் செய்து நடுவில் ஒரு கீல் போட்டார்கள். குழலின் முன்பகுதி கீழே தொங்கும், பின்வாய் மேலே வரும், முழங்கால் மடிவதுபோல. மடிந்ததை நிமிர்த்தினால் அசையாமல் நிற்க வேண்டுமே? அதற்குக் குழலின் அடியில் ஓர் இரும்புத் துண்டு, அதன் இரண்டு பக்கமும் வெட்டு. கட்டைக்குள் ஒரு முளை, அதன் தலை சுத்தியல் தலைபோல இரண்டு பக்கமும் நீண்டிருக்கும். அடியில் உள்ள நெம்புகோலைப் பக்கவாட்டில் தள்ளினால் தலை திரும்பி வெட்டிலிருந்து விடுபடும். நேராக்கினால் வெட்டுக்குள் புகுந்து இறுக்கும். அந்த முளைதான் தவுக்கேயின் துப்பாக்கியில் இல்லை. நிமிர்த்தி வைத்தால் தாடை விழுந்த கிழவன்போலக் குழல் தொங்கிவிடும். "அதன் வாயை மூடி வைத்துவிட்டுத்தான் நான் கண்ணை மூடுவேன்" என்று மலாயில் சொன்னார். ஜோடியாகச் செய்த இன்னொன்று ஸ்ரீரங்கத்தில் இருப்பது அவருக்கு ஒரு பழைய கடிதத்தொடர்பில் தெரிந்திருந்தது. எழுதியவர் இறந்துபோயிருந்தார். அவர் மனைவி வைதேகி அம்மாள் வரச் சொல்லியிருந்தார்.

மத்திய பேருந்து நிலையத்துக்கு அருகில் விடுதி. குழாயில் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம். மின்விசிறி சுற்றும்போது கட்டிலும் சேர்ந்து ஆடியது. இதைவிட மோசமான இடங்களில் மாதக்கணக்கில் கிடந்திருக்கிறேன். கீழே மெஸ்ஸில் சாப்பாடு. எங்கள் ஊர் வாழையிலைக் கடையில் குழம்பு கெட்டியாக இருக்கும், ரசத்தைக் கோப்பையில் குடிப்போம். இங்கே ரசம் இலையில் ஓடியது. கையால் அணை கட்டுவதற்குள் மடியில் இறங்கிவிட்டது. பரிமாறியவர் பார்த்துவிட்டு, "வெளியூருங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "அதான் சோத்துல குழி பறிக்கல" என்றார்.

அந்த வீடு ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. வைதேகி அம்மாள் பொன்மலையில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரி. ஓய்வுபெற நான்கைந்து மாதம் இருந்தது. எனக்காக மூன்று நாள் விடுப்புப் போட்டிருந்தார். காபி டம்ளரை என் முன் வைத்த கையோடு விஷயத்துக்கு வந்தார்.

"எலெக்ஷன் அறிவிச்சுட்டா. லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். நாளன்னிக்கு சாயந்தரம்தான் கடைசி. நான் திரும்ப வாங்கப்போறதில்லை. ஒரேயடியா சரண்டர் பண்ணிடலாம்னு இருக்கேன். அதனால உங்களுக்கு ரெண்டு நாள்தான் டைம். நான் பக்கத்திலே இருக்கறச்சே மட்டும் தொடுங்கோ."

பீரோவைத் திறந்து பட்டுத்துணியில் சுற்றியதை எடுத்தார். நான் எதிர்பார்த்தது இரும்பும் மரமும். வந்தது வேறு. குழலின் பின்பகுதி, பூட்டு, குதிரைகள் எல்லாவற்றின் மேலும் சந்தனமும் குங்குமமும் அப்பி, காய்ந்து, மஞ்சளும் சிவப்புமாகப் பாறை பிடித்திருந்தது. அதற்கு மேல் பளபளப்பு.

"வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைக்கறது. துடைக்கப்படாதும்பா. ஒரு வருஷம் என் மாமனார் சந்தனம் உதிர்றதுன்னு வார்னிஷ் வேற அடிச்சுட்டார். அதுக்கு மேல மறுபடி சந்தனம்" என்றார் அம்மாள்.

நெம்புகோலைத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. முளையின் தலையை அளக்கக் குழலை மடித்தே ஆகவேண்டும். துப்பாக்கியை மடியில் கிடத்தி, இடது கையால் குழல்வாயைப் பிடித்துக்கொண்டு, வலது உள்ளங்கையின் அடியால் நெம்புகோலை ஓங்கித் தட்டினேன். ஏழெட்டுத் தடவை இருக்கும். இதை எழுதும்போது அந்த இடது கையைப் பார்த்துக்கொள்கிறேன்.

திறக்காததால் வெளிப்புறத்தை அளக்கத் தொடங்கினேன். கீலின் அச்சு, நெம்புகோலின் நீளம், குழல்களின் இடைவெளி. கடைசியாகக் குதிரைகள். துப்பாக்கியின் விசையை இழுத்ததும் பாய்ந்து இறங்குகிற இரும்புக் கொக்கிக்குக் குதிரை என்று பெயர். இரண்டு குழலுக்கும் இரண்டு குதிரை. இரண்டும் இறங்கிய நிலையில் இருந்தன. எண்களை மட்டும் குறித்துக்கொண்டு மாலையில் விடுதிக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலை மெஸ்ஸில் பொங்கல். தட்டுக்குப் பக்கத்தில் தாளை விரித்து எண்களைக் கோடாக்கிக்கொண்டிருந்தேன். இடப்பக்கக் குதிரையின் மூக்கு குழலைத் தொடுகிற இடத்தில் நின்றது. வலப்பக்கக் குதிரை சுமார் ஒரு நெல்லின் நீளத்துக்கு மேலே நின்றது. தவறாக அளந்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு சந்தனம் தடித்திருக்கும் என்று நினைத்தேன். இடது பக்கமும் அதே சந்தனம்தானே என்று தோன்றியபோது கையில் எடுத்த பொங்கலைத் தட்டிலேயே போட்டுவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். இந்தக் காலத்துத் தோட்டாவை அதன் அடிப்பாகத்தின் நடுவில் ஊசி குத்தும். அந்த முதல் தலைமுறை மடிப்புத் துப்பாக்கிகளின் தோட்டா அப்படியில்லை. காகிதக் குழாய், பித்தளை அடி, அந்த அடியின் பக்கவாட்டிலிருந்து ஆணிபோல நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பித்தளை முள். குழலின் பின்வாயில் மேல்புறம் சின்ன வெட்டு இருக்கும். தோட்டாவைப் போட்டு மூடினால் முள் அந்த வெட்டின் வழியாக வெளியே தலை நீட்டும். குதிரை மேலிருந்து இறங்கி முள்ளை அடிக்கும். முள் உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும். அதில் ஒரு நல்ல குணம், தோட்டா இருக்கிறதா இல்லையா என்று தூரத்திலிருந்தே தெரியும். முள் நீட்டிக்கொண்டிருந்தால் இருக்கிறது. அந்த முள்ளைத்தான் இந்த வீட்டில் சந்தனம் வைத்து மூடியிருந்தார்கள்.

கையைக் கழுவாமல் ஓடி ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். நடத்துநர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, "கையில நெய்யி, கம்பியப் புடிக்காதீங்க, வழுக்கும்" என்றார்.

வைதேகி அம்மாளிடம் ஈர்க்குச்சி கேட்டேன். குதிரையைத் தொடாமல், பக்கத்திலிருந்து மெதுவாகச் சந்தனத்தைக் கீறினேன். மஞ்சள் தூள் உதிர்ந்தது. பிறகு சிவப்பு, வார்னிஷ், மறுபடி மஞ்சள். அதற்குள் கடுகளவு வேறொரு மஞ்சள், வெயில் பட்டதும் மின்னியது. பித்தளை.

"இது என்ன?" என்றார் அம்மாள்.

"வலது பக்கம் தோட்டா இருக்கும்மா. குதிரை அது மேலதான் உக்காந்திருக்கு."

அவர் எழுந்து இரண்டு அடி பின்னால் போனார். பிறகு திரும்பி வந்து துப்பாக்கியின் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

அப்போதுதான் சம்பத் உள்ளே வந்தார். அம்மாளுடைய கணவரின் தம்பி. அடுத்த வீதியில் குடியிருப்பவர். ஐம்பது வயது, பஞ்சகச்சம், கையில் பைக் சாவி. ஸ்டேஷனுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்திருந்தார்.

"மன்னி, சும்மா கொண்டுபோய் வைக்க முடியாதாம். தொறந்து காலின்னு காட்டணுமாம். அப்பறம்தான் ரசீது" என்றார்.

அம்மாள் விஷயத்தைச் சொன்னார். சம்பத் என்னைத்தான் பார்த்தார்.

"தோட்டாவா? முப்பது வருஷமா நான்தான் இதுக்கு சந்தனம் வைக்கறேன். எனக்குத் தெரியாத தோட்டா இவருக்கு ரெண்டு நாள்ல தெரிஞ்சுடுத்தா?"

"எந்த இடத்துல வைப்பீங்க சார்?" என்று கேட்டேன்.

"இதோ, இங்க. வலது பக்கம் பொட்டு மாதிரி கொஞ்சம் தூக்கிண்டு இருக்கும். குதிரையைக் கட்டை விரலால அமுக்கிண்டு அதைச் சுத்தி நன்னா..." சொல்லிக்கொண்டே வந்தவர் கட்டை விரலைக் காற்றில் அமுக்கிக் காட்டினார். அமுக்கிய விரல் அப்படியே நின்றது. ஆனால் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

"ஸ்டேஷனுக்கே சொல்லிடலாம்மா. ஆள் அனுப்புவாங்க" என்றேன்.

"நீர் சும்மா இரும். லைசென்ஸ் துப்பாக்கிக்கு. தோட்டாவுக்கு யார் பதில் சொல்றது? ஆத்துல வெடிமருந்து வெச்சிருந்தேள்னு எழுதினா மன்னிக்கு ரிடையர்மென்ட் சமயத்துல என்ன ஆகும்? இவர் பயமுறுத்தி, விட்டா போறும்னு நாம குடுத்துடணும், இவர் மலேசியாவுக்குத் தூக்கிண்டு போகணும். அதுதானே?"

ஊர் ஊராகத் திரிந்தவனுக்குச் சந்தேகம் புதிதில்லை. சம்பத் நாலு மணிக்கு வந்து தானே திறந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அம்மாள் துப்பாக்கியைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"எங்க பிராஞ்சுக்கு ஒருத்தர் வருவார். ஆரோக்கியசாமின்னு, ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டர். லாக்கர் சாவி உடைஞ்சப்போ சத்தமே இல்லாம தொறந்து குடுத்தார். போன் எடுக்கமாட்டேங்கறார், ஷிஃப்ட்ல இருப்பார். நீங்க போய்க் கையோட கூட்டிண்டு வரேளா?"

பொன்மலைக்கு இரண்டு பஸ். முதல் பஸ் பாலத்துக்கு முன்பே பஞ்சர். இறங்கி வெயிலில் நடந்து, அடுத்ததைப் பிடித்து, பட்டறை வாசலுக்குப் போனபோது ஷிஃப்ட் விடுகிற நேரம். சைக்கிளும் பைக்குமாக ஆறுபோல வெளியே வந்தது. எங்கள் ஊரில் தொழிற்சாலை விட்டால் எல்லாரும் பஸ்ஸில் ஏறித் தூங்கிவிடுவார்கள். இங்கே ஒருவரோடொருவர் கத்திப் பேசிக்கொண்டே ஓட்டினார்கள். நான்கு பேரிடம் கேட்டு, ஐந்தாவதாகப் பழைய டிவிஎஸ் வண்டியில் வந்தவரை நிறுத்தினேன். ஒல்லியான மனிதர். டேங்க்கில் வேளாங்கண்ணி மாதா படம்.

நான் சொல்லி முடிக்கும்வரை வண்டியை அணைக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "குதிரை எறங்கி இருக்கா, தூக்கி இருக்கா?"

"எறங்கி. முள்ளு மேலயே."

அணைத்தார். "அப்ப யாராவது அது தலையில ஒரு தட்டுத் தட்டினா போச்சு" என்றார். "ஏறுங்க."

பாலத்தில் மண்ணச்சநல்லூர் அரிசி ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நின்றது. காவிரியில் தண்ணீர் ஓரமாக மட்டும் ஓடியது. இரண்டு பக்கமும் ஹாரன். யாரோ லாரி ஓட்டுநரிடம், "அரிசிய ஆத்துல கொட்டிட்டுப் போ, பொங்கிக்கிறோம்" என்று கத்தினார். ஆரோக்கியசாமியின் போன் அடித்தது. காதில் வைத்தவர் என்னிடம் நீட்டினார்.

"சம்பத் வந்துட்டான்" என்றார் வைதேகி அம்மாள். குரல் அடங்கியிருந்தது. "அவன்கிட்ட இன்னொரு சாவி இருந்திருக்கு. எனக்குத் தெரியாது. எடுத்துண்டு கூடத்துல உக்காந்துட்டான். நான் சொன்னா கேக்க மாட்டேங்கறான்."

"அம்மா, நீங்க வெளிய வாங்க."

"அவனை விட்டுட்டா?" என்றார். இணைப்பு போய்விட்டது.

ஆரோக்கியசாமி வண்டியை நடைபாதையில் ஏற்றினார். நடந்து வந்தவர்கள் திட்டினார்கள். ஒரு பெண், "அறிவிருக்கா? நடக்குற எடத்துல" என்றாள். "இல்லம்மா, மன்னிச்சுக்க" என்று சொல்லிக்கொண்டே அவளைச் சுற்றி ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்து அவர் சட்டையைப் பிடித்திருந்தேன். எந்த நிமிஷமும் தூரத்தில் ஒரு சத்தம் கேட்கப்போகிறது என்று நினைத்தேன். மூன்று கிலோமீட்டர் தள்ளி, இத்தனை ஹாரனுக்குள் கேட்காது என்று தெரியும். ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டுதான் போனேன்.

கதவு திறந்திருந்தது. சம்பத் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கியின் கட்டையை இரண்டு பாதங்களுக்கு நடுவில் இடுக்கி, குழலைத் தோளில் சாய்த்திருந்தார். குழலின் வாய் அவர் காதுக்குப் பக்கத்தில். கையில் மரச்சுத்தி. நெம்புகோலில் துணி சுற்றித் தட்டிக்கொண்டிருந்தார். தட்டும்போதெல்லாம் குதிரைகள் லேசாக நடுங்கின. அம்மாள் எதிரே தூணைப் பிடித்து நின்றார். அவர் வெளியே போகவேயில்லை.

நான் கத்த வாயெடுத்தேன். ஆரோக்கியசாமி என் மணிக்கட்டைப் பிடித்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பொறுமையாக உள்ளே போய், சம்பத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"சார், வணக்கம். நான் ரயில்வே ஃபிட்டரு. இந்த மரச்சுத்தி எங்க வாங்குனீங்க?"

சம்பத் நிமிர்ந்தார். "தச்சர்கிட்ட செய்யச் சொன்னது. ஏன்?"

"நல்ல வேங்கையா இருக்கே. தலை பொளக்கல பாருங்க. எங்க பட்டறையில குடுக்கறது மூணு மாசம் தாங்காது. ஒரு நிமிஷம் குடுங்களேன், பாத்துட்டுத் தரேன்."

சம்பத் கொடுத்துவிட்டார். ஆரோக்கியசாமி அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, பின்னால் நீட்டினார். நான் வாங்கி வாசலுக்கு வெளியே வைத்தேன். பிறகு அவர் இன்னொரு கையால் துப்பாக்கியின் குழலை மெல்லச் சம்பத்தின் காதிலிருந்து நகர்த்தி, குனிந்து குதிரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சார், கோவப்படாதீங்க. மாதா சத்தியமா சொல்றேன், இது லோடு ஆகியிருக்கு."

வேலை தெரிந்த ஒருவன் அப்படிச் சொன்னது எப்படியோ உள்ளே போய்விட்டது. சம்பத் இரண்டு கையையும் துப்பாக்கியிலிருந்து எடுத்தார். எடுத்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"முப்பது வருஷம்" என்றார். "கட்டை விரலால அமுக்கி..."

"அமுக்கினா ஒண்ணும் ஆகாது சார். அடிச்சாத்தான்" என்றார் ஆரோக்கியசாமி. "நீங்க இன்னிக்குத்தான் அடிச்சீங்க."

நான் முந்தின நாளே அடித்துவிட்டேன் என்று சொன்னேன். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாள், "ரெண்டு பேரும் பண்ணினது நன்னா இருக்கு" என்றார்.

அன்று மாலை முழுக்கத் தண்ணீர். பின்கட்டில் வீடு கட்ட இறக்கிய மணல் இருந்தது. மூட்டைகளில் நிரப்பிச் சுவரோரம் அடுக்கினோம். சம்பத் மட்டும் ஒன்பது மூட்டை தூக்கினார். துணி ஊறவைக்கும் நீளமான தொட்டியில் தண்ணீர் நிரப்பி, குழல்வாய் மணல் மூட்டையைப் பார்க்கும்படி துப்பாக்கியை அதில் இறக்கினார் ஆரோக்கியசாமி. பழைய கரிமருந்து நனைந்தால் பற்றாது. நனைந்ததா என்று வெளியிலிருந்து தெரியாது. அதுதான் சங்கடம். "காகிதக் குழாய்ன்னா ஊறும். மெழுகு போட்டிருந்தா ஊறாது. போட்டானா இல்லியான்னு தோட்டாவச் செஞ்சவனத்தான் கேக்கணும்" என்றார். அம்மாள் புளியோதரையும் தயிர்சாதமும் கொண்டுவந்தார். தொட்டிக்கு முதுகைக் காட்டாமல் நான்கு பேரும் அரைவட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். கடல் கொந்தளிக்கிறபோது படகில் சாப்பிடுகிறவர்கள் இப்படித்தான் உட்காருவார்கள்.

மூன்றாம் நாள் காலை ஆரோக்கியசாமி விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார். தண்ணீரில் சந்தனம் கரைந்து தொட்டி முழுக்க மஞ்சள். வார்னிஷை மூங்கில் சீவலால் உரித்தார். குதிரைக்கும் முள்ளுக்கும் நடுவில் நூலை விட்டுப் பார்த்தார். போகவில்லை, ஒட்டியே இருந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்தோம். குதிரையின் கழுத்தில் கயிறு கட்டி, எங்களைச் சுவருக்குப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, தானும் மூட்டைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு இழுத்தார். அசையவில்லை. மறுபடி எண்ணெய். மறுபடி இழுப்பு. நான்காவது தடவை, நகம் வெட்டுகிற அளவுக்கு ஒரு சத்தம். குதிரை பாதி தூக்கிய நிலையில் நின்றது. கீழே விழாமல் ஒரு மரக்குச்சியைச் செருகினார்.

"இப்ப கீலு" என்றார். "தட்டக் கூடாது. தள்ளணும்."

குழலை நானும் சம்பத்தும் மணல் மூட்டை மேல் அழுத்திப் பிடித்தோம். எங்கள் தோள்கள் உரசின. அவருக்கு வியர்வை ஒழுகியது. எனக்கும்தான். ஆரோக்கியசாமி நெம்புகோலில் ஒரு மரத்துண்டை வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். அழுத்தியபடியே இருந்தார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். நெற்றி நரம்பு புடைத்தது. "வருது" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு கட்டைக்குள் ஏதோ முறுக்கிக்கொண்டு திரும்புவதை என் விரல்களே உணர்ந்தன. அந்த முளைதான். வெட்டிலிருந்து விடுபட்டதும் குழல் தன் எடையிலேயே இறங்கியது. பின்வாய் மேலே எழும்பியது.

இரண்டு துளையிலும் பித்தளை வட்டம். இரண்டு தோட்டா.

இடது பக்கத்தை எடுத்தார். காகிதம் கருகி, உள்ளே வெறுமையாக, முள் முழுக்க உள்ளே போயிருந்தது. சுட்ட தோட்டா. அதனால்தான் அந்தப் பக்கக் குதிரை குழல்வரை இறங்கியிருந்தது. வலது பக்கத்தைச் சுண்டுவிரல் நகத்தால் அங்குலம் அங்குலமாக இழுத்தார். கனமாக, முழுதாக வந்தது. தண்ணீர்ப் பக்கெட்டில் போடுவதற்கு முன் முள்ளின் தலையைக் காட்டினார். தட்டையாக நசுங்கி, ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"இது அடி வாங்கின முள்ளு" என்றார்.

யாரோ, எப்போதோ, இரண்டு விசையையும் அடுத்தடுத்து இழுத்திருக்கிறார்கள். முதலாவது வெடித்தது. இரண்டாவது வெடிக்கவில்லை. அதற்குப் பிறகு திறக்காமலேயே துணி சுற்றி வைத்துவிட்டார்கள். எதன்மேல், யார்மேல் என்று யாரும் கேட்கவில்லை. சம்பத் பக்கெட்டுக்குள் பார்த்துக்கொண்டே நின்றார். தோட்டாவிலிருந்து கறுப்பாக ஒரு கோடு தண்ணீரில் கிளம்பிப் பரவியது. மருந்து அப்போதுதான் நனையத் தொடங்கியிருந்தது.

ஆரோக்கியசாமி அதைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். "ராத்திரி பூரா ஊறல. அப்ப நாம இழுத்தது உயிரோட இருந்ததைத்தான்" என்றார்.

நான் அளவுகோலை எடுத்தேன். முளையின் தலை கண்ணெதிரே இருந்தது. அளவுகோலின் தாடைகளை அதன்மேல் இரண்டு தடவை வைத்தேன், இரண்டு வேறு எண் வந்தது. சம்பத் அளவுகோலை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வைத்துப் பிடித்தார். "எழுதிக்கும்" என்று எண்களைச் சொன்னார். எழுதிக்கொண்டேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்துச் சொன்னார்.

மத்தியானம் மூன்று மணிக்கு நால்வரும் ஸ்டேஷனுக்குப் போனோம். ஆட்டோவில் துப்பாக்கி வைதேகி அம்மாள் மடியில். தோட்டா இருந்த பிளாஸ்டிக் டப்பாவை, தண்ணீர் சிந்தாமல், சம்பத் கையில் வைத்திருந்தார். உள்ளே நுழைவதற்கு முன், "மன்னி, டப்பாவைக் காவேரில போட்டுடலாமே. யாருக்கும் தெரியாது" என்றார்.

"அங்க பசங்க குளிக்கறா" என்றார் அம்மாள்.

எழுத்தர் மேசையில் இருந்த ஏட்டு லைசென்ஸைப் புரட்டினார். டப்பாவைப் பார்த்து, "இது என்னங்க?" என்றார்.

"உள்ளே இருந்தது. ஒண்ணு சுட்டது, ஒண்ணு சுடாதது. எங்களுக்கே நேத்திக்குத்தான் தெரியும். எழுதிக்கோங்கோ. என்ன பேப்பர்ல வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்."

ஏட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். நாற்காலி சுவரில் இடித்தது. உள்ளே இருந்து இன்னொருவர் எட்டிப் பார்த்தார். ஏட்டு துப்பாக்கியைக் கண்ணால் காட்டி, "இப்ப அதுல ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அதைத் தொடவில்லை.

சம்பத் முன்னால் வந்தார். ஆரோக்கியசாமியும் கையை நீட்டினார். அம்மாள் இருவருக்கும் கொடுக்கவில்லை. துப்பாக்கியின் வாயைத் தரையைப் பார்க்கத் திருப்பி, கட்டையைக் கக்கத்தில் இடுக்கி, நெம்புகோலைத் தள்ளினார். முளை திரும்பியது, குழல் மடிந்து இறங்கியது. அதை ஏட்டின் கண் உயரத்துக்குத் தூக்கி, ஜன்னல் பக்கம் நீட்டினார்.

இரண்டு துளையின் வழியாகவும் தெரு தெரிந்தது. ஒரு துளையில் பூக்கடை. இன்னொன்றில் யாரோ ஒருவர் சைக்கிளை நிறுத்திப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"நன்னா பாத்துக்கோங்கோ" என்றார் அம்மாள்.

ஏட்டு குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முதலில் இடதையும் பிறகு வலதையும் பார்த்தார்.